டிசைன் படிக்க போர்ட்ஃபோலியோ கட்டாயமா? எந்தக் கல்லூரி கேட்கும், உள்ளே என்ன வைக்கணும்... முழு விவரம்!

ப்ளஸ் டூவுக்கு அப்புறம் என்ன படிக்கப் போறே என்று கேட்டால், "டிசைன் படிக்கணும்", "ஃபைன் ஆர்ட்ஸ் போகணும்" என்று சொல்லும் பிள்ளைகள் பல வீடுகளில் இருக்கிறார்கள். அந்த வீடுகளில் அடுத்து வந்து விழும் வார்த்தை 'போர்ட்ஃபோலியோ'.

அது இல்லாமல் சீட்டே கிடைக்காது என்கிறார் ஒருவர். நாங்களே செய்து தருகிறோம், பணம் கட்டுங்கள் என்கிறது ஒரு பயிற்சி மையம். நன்றாக வரையத் தெரிந்தால் போதும் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். இந்த மூன்றையும் அப்படியே நம்பினால் பணமும் போகும், ஒரு வருடமும் போகும்.

உண்மையில் போர்ட்ஃபோலியோ என்றால் என்ன? யாருக்குத் தேவை? வீட்டில் இருந்தபடியே எப்படித் தயார் செய்வது? விரிவாகப் பார்க்கலாம்.

போர்ட்ஃபோலியோ என்றால் என்ன?

ஒரு மாணவர் தன் கையால் செய்த வேலைகளில் சிலவற்றைத் தேர்ந்தெடுத்து, வரிசைப்படுத்தி வைக்கும் தொகுப்புதான் போர்ட்ஃபோலியோ. அதில் ஓவியம் மட்டும்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பென்சில் ஸ்கெட்ச், களிமண் உருவம், புகைப்படம், தைத்த உடை, அட்டையில் செய்த மாடல், போஸ்டர், குட்டி அனிமேஷன் என எதுவும் இருக்கலாம்.

மார்க் ஷீட்டில் மதிப்பெண் தெரியும். ஆனால் ஒரு மாணவர் பொருட்களை எப்படிப் பார்க்கிறார், ஒரு யோசனையை எங்கே தொடங்கி எங்கே கொண்டு போகிறார் என்பது தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளத்தான் கல்லூரிகள் போர்ட்ஃபோலியோ கேட்கின்றன.

யார் கேட்பார்கள், யார் கேட்க மாட்டார்கள்?

பலரும் குழம்பும் இடம் இதுதான். இந்தியாவில் ப்ளஸ் டூ முடித்து நேரடியாகச் சேரும் பெரிய அரசு நிறுவனங்கள் பலவற்றில் போர்ட்ஃபோலியோ கேட்பதே இல்லை.

* யூசீட்: ஐ.ஐ.டி.களில் பி.டெஸ். படிக்க ஐ.ஐ.டி. பாம்பே நடத்தும் நுழைவுத் தேர்வு. கணினியில் ஒரு பகுதி, கையால் வரையும் ஒரு பகுதி. சேர்க்கைக்குத் தேர்வு மதிப்பெண்தான் அடிப்படை. போர்ட்ஃபோலியோ கிடையாது.

* நிஃப்ட்: பி.டெஸ். படிப்புக்கு எழுத்துத் தேர்வு, அதன் பிறகு 'சிச்சுவேஷன் டெஸ்ட்'. கொடுக்கப்படும் பொருட்களை வைத்து அங்கேயே உட்கார்ந்து ஒரு மாடல் செய்ய வேண்டும். வீட்டில் வரைந்த ஃபைலை அங்கே யாரும் பார்ப்பதில்லை.

* என்.ஐ.டி.: பி.டெஸ். படிப்புக்கு முதல்நிலைத் தேர்வு, பிறகு ஸ்டூடியோ டெஸ்ட். எம்.டெஸ். என்றால் கதை வேறு. அதற்கு இன்டர்வியூ உண்டு, அங்கே போர்ட்ஃபோலியோ முக்கியம்.

* நாட்டா: பி.ஆர்க். படிக்க விரும்புபவர்கள் எழுதும் இந்தத் தேர்விலும் வரையும் பகுதி உண்டு. போர்ட்ஃபோலியோ இல்லை.

* அரசு கவின் கலைக் கல்லூரிகள்: 1850-ல் தொடங்கப்பட்ட சென்னை கல்லூரியிலும், கும்பகோணம் கல்லூரியிலும் பி.எஃப்.ஏ. படிக்கலாம். இங்கே நேரில் உட்கார்ந்து வரையும் திறன்தான் முதலில் கைகொடுக்கும்.

அப்படியானால் எங்கேதான் தேவை? தனியார் டிசைன் கல்லூரிகள் பலவற்றில் தேவை. ஐ.ஐ.டி., என்.ஐ.டி. போன்ற இடங்களில் எம்.டெஸ். சேரும்போது தேவை. வெளிநாட்டுக் கலைக் கல்லூரிகளில் பெரும்பாலும் கட்டாயம். உதாரணத்துக்கு, அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் ஸ்கூல் ஆஃப் டிசைன் விண்ணப்பதாரர்களிடம் 12 முதல் 20 படைப்புகள் வரை கேட்கிறது.

விதிமுறைகள் ஆண்டுக்கு ஆண்டு மாறலாம். அதனால் பணம் கட்டும் முன், சேர விரும்பும் கல்லூரியின் அந்த ஆண்டுக்கான சேர்க்கைக் கையேட்டை இணையதளத்தில் திறந்து ஒருமுறை படித்துவிடுங்கள். அதில் 'போர்ட்ஃபோலியோ' என்ற சொல்லே இல்லை என்றால், அந்தக் கல்லூரியின் பெயரைச் சொல்லி யாரும் உங்களிடம் போர்ட்ஃபோலியோவுக்குப் பணம் வாங்க முடியாது.

கேட்காத கல்லூரிக்குப் போகிறவர்களுக்கு இது வீண் வேலையா என்றால், அதுவும் இல்லை. போர்ட்ஃபோலியோவுக்காக தினமும் பார்த்து வரையும் பழக்கம்தான் ஸ்டூடியோ டெஸ்ட்டிலும், சிச்சுவேஷன் டெஸ்ட்டிலும் உதவும்.

சொம்பும் சைக்கிளும் சொல்வது என்ன?

கல்லூரிகள் எதை எதிர்பார்க்கின்றன என்று புரிந்துகொள்ள இரண்டு பழைய விஷயங்களைத் தெரிந்துகொண்டால் போதும்.

அமெரிக்க வடிவமைப்பாளர்களான சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் தம்பதி, இந்திய அரசின் அழைப்பில் நம் நாட்டைச் சுற்றிப் பார்த்து 1958-ல் ஓர் அறிக்கை கொடுத்தார்கள். அந்த அறிக்கையின் தொடர்ச்சியாகத்தான் 1961-ல் அகமதாபாத்தில் என்.ஐ.டி. உருவானது. இந்தியாவில் தாங்கள் பார்த்த பொருட்களிலேயே மிக அழகானது என்று அவர்கள் அதில் வியந்தது லோட்டாவை. அதாவது நம் வீட்டுச் சொம்பை!

தண்ணீர் நிறைந்தால் எவ்வளவு கனம், கைக்குள் எப்படி அடங்குகிறது, சாய்த்தால் தண்ணீர் எப்படி விழுகிறது, கழுவுவது சுலபமா, என்ன விலை என்று அந்தச் சொம்பைச் சுற்றி அத்தனை கேள்விகளை அடுக்கினார்கள். தினமும் நாம் கையில் எடுக்கும் பொருள்தான், ஆனால் நாம் அதை இப்படிப் பார்த்திருக்க மாட்டோம்.

இன்னொன்று சைக்கிள். மேலே சொன்ன ரோட் ஐலண்ட் கல்லூரி, பல ஆண்டுகளாக விண்ணப்பதாரர்களிடம் ஒரு சைக்கிளை வரைந்து அனுப்பச் சொல்லி வந்தது. சைக்கிள் எல்லோருக்கும் தெரியும். ஆனால் பார்க்காமல் வரைந்து பாருங்கள். செயின் எந்தச் சக்கரத்தோடு இணைகிறது, பெடல் எங்கே தொங்குகிறது என்பதிலேயே கை நின்றுவிடும். உட்கார்ந்து பார்த்தவர் யார், மனதில் இருந்ததை இழுத்துவிட்டவர் யார் என்று அந்த ஒரே படம் சொல்லிவிடும்.

கல்லூரிகள் தேடுவது இந்தப் பார்வையைத்தான். நேர்த்தியான ஷேடிங் அதற்கு அப்புறம்.

உள்ளே என்னென்ன வைக்கலாம்?

1. நேரில் பார்த்து வரைந்தவை: பஸ் ஸ்டாண்டில் தூங்கும் பயணி, டீ ஆற்றும் மாஸ்டரின் கை, காய்கறிக் கடைத் தராசு, அம்மாவின் தையல் மிஷின். போட்டோவைப் பார்த்து வரைந்தது இந்தக் கணக்கில் வராது.

2. ஸ்கெட்ச் புக் பக்கங்கள்: அடித்தல் திருத்தலோடு, ஓரத்தில் கிறுக்கிய குறிப்போடு, அப்படியே. இதை அழகுபடுத்தித் திரும்ப வரையத் தேவையில்லை.

3. முப்பரிமாண வேலை: களிமண், அட்டை, கம்பி, துணி, பேப்பர் மெஷ், பழைய பொருட்கள் எதில் செய்ததும் சரி.

4. முழு ப்ராஜெக்ட் ஒன்று அல்லது இரண்டு: ஒரு பிரச்னையை எடுத்து, முதல் யோசனையிலிருந்து முடிவு வரை காட்டுவது.

5. உங்களுக்கு மட்டுமே உரியது: கோலப் புள்ளிகளில் ஆர்வம், தெருக் கடைப் பெயர்ப் பலகைகளின் எழுத்துகளைச் சேகரிக்கும் பழக்கம், பாட்டி முடையும் ஓலைக் கூடை. மற்ற ஃபைல்களுக்கு நடுவே உங்கள் ஃபைலை நினைவில் நிறுத்துவது இந்தப் பகுதிதான்.

ஒரு உதாரணம்: 20 லிட்டர் வாட்டர் கேன்

'முழு ப்ராஜெக்ட்' என்றதும் பெரிதாக ஏதோ கண்டுபிடிக்க வேண்டும் என்று பயப்பட வேண்டாம். சென்னையில் பல வீடுகளில் இருக்கும் தண்ணீர் கேனையே எடுத்துக்கொள்வோம்.

20 லிட்டர் தண்ணீர் என்றால் 20 கிலோ. அதைத் தூக்கி, தலைகீழாகக் கவிழ்த்து, குழாய் வைத்த பாத்திரத்தின் மேல் உட்கார வைக்க வேண்டும். வீட்டில் தாத்தா, பாட்டி மட்டும் இருந்தால் கேன் போடும் பையன் வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். இதை எப்படி ப்ராஜெக்ட் ஆக்குவது?

முதல் பக்கம்: இரண்டு மூன்று வீடுகளில் யார், எப்படித் தூக்குகிறார்கள் என்று பார்த்து வேகமாக வரைந்த ஸ்கெட்ச்கள். இடுப்பு எங்கே வளைகிறது, கை எங்கே வழுக்குகிறது என்று அம்புக்குறி.

இரண்டாம் பக்கம்: அவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டவை. "பாதித் தண்ணி தரையிலதான் போகுது" என்று பாட்டி சொன்னால், அதை அப்படியே எழுதலாம்.

மூன்றாம் பக்கம்: பத்து யோசனைகள், சின்னச் சின்னப் படங்களாக. சாய்க்கும் ஸ்டாண்ட், கால் வைத்து அழுத்தும் அமைப்பு, கேனைத் தரையிலேயே வைத்து தண்ணீரை மேலே இழுப்பது... சிரிப்பு வரும் யோசனையும் இருக்கட்டும்.

நான்காம் பக்கம்: அட்டையிலும் குச்சியிலும் செய்த மாடல். அது கனம் தாங்காமல் உடைந்ததா? உடைந்த படத்தையும் வையுங்கள். ஏன் உடைந்தது என்று ஒரு வரி எழுதுங்கள்.

ஐந்தாம் பக்கம்: திருத்திய மாடல், அதை ஒருவர் பயன்படுத்திப் பார்க்கும் படம், இன்னும் என்ன சரியில்லை என்ற குறிப்பு.

இந்த ஐந்து பக்கத்துக்கு ஆகும் செலவு பேப்பரும் பசையும்தான். ஆனால் ஒரு மாணவர் எப்படிக் கவனிக்கிறார், எப்படிக் கேட்கிறார், தோற்றால் என்ன செய்கிறார் என்பது எல்லாம் இதற்குள் இருக்கிறது.

இதெல்லாம் வேண்டாமே!

* நெட்டில் கிடைத்த படத்தைப் பார்த்து வரைந்தது, கட்டம் போட்டு வரைந்த நடிகர் முகம், காலண்டர் சாமி படம், அனிமே கதாபாத்திரம். கை பழக இவை நல்லது. ஆனால் அதில் இருக்கும் யோசனை இன்னொருவருடையது.

* பயிற்சி மையத்தில் எல்லோரும் வரைந்த அதே ஜாடி, அதே ஆப்பிள், அதே திரைச்சீலை. ஒரே மையத்தில் இருந்து வந்த பத்து ஃபைல்களைத் தேர்வாளர்கள் அடுத்தடுத்துப் பார்க்கும்போது, எது யாருடையது என்றே தெரியாது.

* சார் கை வைத்துத் திருத்திய படம். இன்டர்வியூ அறையில் ஒரு பேப்பரைக் கொடுத்து, இதே மாதிரி இங்கே வரைந்து காட்டு என்றால் மாட்டிக்கொள்வது சார் இல்லை.

* எண்ணிக்கைக்காகச் சேர்த்தவை. ஐந்தாம் வகுப்பில் வாங்கிய பரிசுச் சான்றிதழ், கைவினை வகுப்பில் செய்த பூங்கொத்து போன்றவை நல்ல வேலைகளையும் சேர்த்துக் கீழே இழுக்கும்.

* குழுவாகச் செய்த வேலையைத் தனியாகச் செய்ததுபோல் காட்டுவது. "நான்கு பேர் செய்தோம், இதில் மாடல் நான் செய்தது" என்று எழுதினால் அதில் எந்தக் குறைவும் இல்லை.

ஏ.ஐ. பயன்படுத்தலாமா?

இப்போது அதிகம் எழும் கேள்வி இது. இதற்கு ஒவ்வொரு கல்லூரிக்கும் தனி விதி இருக்கலாம், முதலில் அதைப் படிக்க வேண்டும். எதுவாக இருந்தாலும், ஏ.ஐ. உருவாக்கிய படத்தை 'நான் வரைந்தது' என்று வைப்பது ஏமாற்று வேலைதான். பயன்படுத்த அனுமதி இருந்து பயன்படுத்தினால், எந்த இடத்தில், எதற்கு என்று குறிப்பிட்டுவிட வேண்டும்.

எத்தனை, எந்த வரிசையில்?

கல்லூரி எண்ணிக்கை சொல்லியிருந்தால் அதுதான் கணக்கு. 20 என்றால் 21-வது படம் வேண்டாம். எதுவும் சொல்லவில்லை என்றால் 15-ஐ ஒட்டி நிறுத்திக்கொள்ளலாம்.

ஃபைலைப் புரட்டும் ஒருவர் முதல் சில பக்கங்களிலேயே ஓர் எண்ணத்துக்கு வந்துவிடுவார். அதனால் மிக நல்ல வேலை முதலில், அதற்கு அடுத்தது கடைசியில். நடுவில் ப்ராஜெக்ட். ஒரே மாதிரியான மூன்று படங்கள் இருந்தால் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை எடுத்துவிடுங்கள்.

ஒவ்வொன்றின் கீழும் சின்னக் குறிப்பு போதும்: தலைப்பு, எதில் செய்தது, அளவு, ஆண்டு, ஏன் செய்தேன் என்று இரண்டு வரி. தமிழ் மீடியத்தில் படித்தவர்கள் ஆங்கிலக் குறிப்புக்காகப் பெரிய வார்த்தைகளைத் தேடி ஒட்ட வேண்டியதில்லை. எளிய வாக்கியம், அதுவும் இன்டர்வியூவில் நீங்களே சொல்லக்கூடிய வாக்கியமாக இருந்தால் போதும்.

செல்போனில் படம் எடுக்கும்போது...

ஆன்லைனில் அனுப்பும்போது தேர்வாளர் பார்ப்பது உங்கள் ஓவியத்தை இல்லை, அதன் போட்டோவைத்தான். நல்ல ஓவியமும் மோசமான போட்டோவில் கெட்டுப்போகும்.

* காலை அல்லது மாலை வெளிச்சத்தில், நேரடி வெயில் விழாத ஜன்னல் ஓரத்திலோ மொட்டை மாடி நிழலிலோ எடுங்கள். ஃபிளாஷ் வேண்டாம், டியூப் லைட் வெளிச்சம் கலக்க வேண்டாம்.

* படத்தைச் சுவரில் நேராக ஒட்டி, போனை அதன் நடுவுக்கு நேராகப் பிடியுங்கள். சாய்ந்தால் செவ்வகம் கோணலாகிவிடும். போன் நிழல் படத்தின் மேல் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

* ஆவணங்களை ஸ்கேன் செய்யும் ஆப்களில் கவனம் தேவை. அவை பேப்பரை வெள்ளையாக்க முயன்று, மெல்லிய பென்சில் ஷேடிங்கை அழித்துவிடலாம்.

* மாடல், சிற்பம் என்றால் பின்னால் வெள்ளைத் துணியோ சார்ட் பேப்பரோ வைத்து, இரண்டு மூன்று கோணங்களில் எடுங்கள். கை ஒன்று அதைப் பிடித்திருந்தால் அளவு புரியும்.

* கல்லூரி சொன்ன ஃபைல் அளவைப் பாருங்கள். சைஸைக் குறைத்த பிறகு, போனிலும் கம்ப்யூட்டரிலும் ஒருமுறை திறந்து படம் தெளிவாக இருக்கிறதா என்று சரிபாருங்கள். ஃபைலின் பெயர் உங்கள் பெயராக இருக்கட்டும்.

வரைந்த ஒரிஜினலைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நேரில் அழைத்தால் கொண்டு போக வேண்டியிருக்கும். கரி, பேஸ்டல் படங்களுக்கு மேல் ஃபிக்ஸேட்டிவ் அடித்து, நடுவில் ஒரு தாள் வைத்துப் பாதுகாக்கலாம்.

எப்போது தொடங்குவது?

சரியான நேரம் ப்ளஸ் ஒன் முடிந்த கோடை விடுமுறை. காரணம் எளிது. பெரிய டிசைன் நுழைவுத் தேர்வுகளுக்கு அக்டோபர் வாக்கில் விண்ணப்பம் தொடங்கிவிடும். யூசீட் தேர்வு வழக்கமாக ஜனவரியில். வெளிநாட்டுக் கல்லூரிகள் பலவற்றின் கடைசித் தேதியும் அதே ஜனவரியை ஒட்டித்தான். மார்ச்சில் பொதுத் தேர்வு. அரையாண்டுத் தேர்வுக்கு நடுவே உட்கார்ந்து 15 வேலைகளைச் செய்து முடிக்க யாராலும் முடியாது.

ஏப்ரல், மே: தினமும் அரை மணி நேரம் நேரில் பார்த்து வரைதல். ஒரு ஸ்கெட்ச் புக் நிரம்பட்டும்.

ஜூன் முதல் ஆகஸ்ட்: வார இறுதிகளில் ஒரு ப்ராஜெக்ட், ஒரு முப்பரிமாண வேலை.

செப்டம்பர்: தேர்ந்தெடுத்தல், போட்டோ எடுத்தல், குறிப்பு எழுதுதல்.

அக்டோபர்: இரண்டு பேரிடம் காட்டிக் கருத்துக் கேட்டு, திருத்தி முடித்தல்.

இதைத் தவறவிட்டவர்களும் மனம் தளர வேண்டாம். யூசீட், நிஃப்ட், என்.ஐ.டி. மூன்றிலும் பி.டெஸ். படிப்புக்கு ப்ளஸ் டூவில் எந்த குரூப் எடுத்தவர்களும் விண்ணப்பிக்கலாம். மேத்ஸ், பயாலஜி குரூப் எடுக்காதது இங்கே தடை இல்லை.

பணம் எவ்வளவு தேவை?

டிராயிங் டேப்லெட், விலை உயர்ந்த கலர் செட் எல்லாம் கட்டாயம் இல்லை. 2பி, 4பி, 6பி பென்சில்கள், ஒரு கறுப்புப் பேனா, ஸ்கெட்ச் புக், கொஞ்சம் ஏ3 கார்ட்ரிட்ஜ் பேப்பர், வாட்டர் கலர், பழைய அட்டைப்பெட்டி, சாதாரண கேமரா உள்ள ஒரு போன். இவ்வளவுதான் அடிப்படை.

பயிற்சி மையத்துக்குப் போவதா வேண்டாமா என்பது அவரவர் வசதி. போனால், தேர்வு மாதிரிகளும் நேரக் கட்டுப்பாடும் பழகும். ஆனால் "போர்ட்ஃபோலியோ நாங்களே செய்து கொடுத்துடுவோம்" என்று யாராவது சொன்னால், பெற்றோர் அங்கேயே உஷாராகிவிட வேண்டும். பிள்ளை செய்யாத வேலையைப் பற்றி இன்டர்வியூவில் பிள்ளைதான் பேச வேண்டியிருக்கும்.

அனுப்பும் முன் கடைசியாக ஒரு செக்

ஃபைலில் உங்கள் பெயரை மறைத்துவிட்டு, உங்களை நன்றாகத் தெரிந்த ஒருவரிடம் கொடுங்கள். இது யாருடையது என்று கேளுங்கள். உங்கள் தெரு, உங்கள் வீடு, உங்கள் ஆர்வம் எதுவும் தெரியாமல் அவர் முழித்தால் இன்னும் வேலை இருக்கிறது.

அதன் பிறகு ஒவ்வொரு பக்கத்துக்கும் மூன்று கேள்விகளுக்கு வாய்விட்டுப் பதில் சொல்லிப் பாருங்கள். இதை ஏன் செய்தாய்? எங்கே தடுமாறினாய்? மறுபடி செய்தால் எதை மாற்றுவாய்? பதில் வராத பக்கத்தை, அது எவ்வளவு அழகாக இருந்தாலும், எடுத்துவிடலாம்.